மறைந்து போன ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் சனாவுல்லா பாய் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது விட்டோம். அந்தச் சிரிப்பு வெள்ளிக்கிழமை இரவு வரை தாங்கியது.

அவர் மகள் ஷாஹிஸ்தாவின் நிக்காஹ் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப் போனது. மாப்பிள்ளை ஜாசிமின் பெரியப்பா மௌத்தாகிவிட்டார். கல்யாணம்தான் தள்ளிப் போனது; அதைப் பற்றிய பேச்சு ஒரு நாள்கூடத் தள்ளிப் போகாமல் உத்திரமேரூர் பூராவும் சுற்றி வந்தது. கடைசியில் வந்தவாசிச் சம்மந்தியம்மா மனசு இறங்கினார். சீர் வேண்டாம், செனத்தி வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"வந்தவங்க ஒருத்தரும் வவுறு காஞ்சி திரும்பக் கூடாது, சம்மந்தி."

சனாவுல்லா பாய் வாய்விட்டுச் சிரித்தார். சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்தில் சோறு வெந்தாலும் அது அவருடைய வாடகைப் பாத்திரத்தில்தான் வெந்தது. அவரிடம் போய் இதைக் கேட்டால்?

நாளை ஞாயிறு, நிக்காஹ். இன்று சனிக்கிழமை காலையில் மகன் ஜமீர் கடைக்குப் பின்னால் இருந்த குடோனைத் திறந்தான்.

உள்ளே ஒரு பல்லி இருந்தது.

தேக்சா ஒன்றுகூட இல்லை. தேக்சா என்றால் ஓர் ஆள் உள்ளே இறங்கிக் குளிக்கலாம். அப்படிப்பட்ட பன்னிரண்டு பிரியாணி தேக்சா காணாமல் போவது, வீட்டுக்குள் பஸ் காணாமல் போவது மாதிரி. ஜமீர் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தான். பல்லி மட்டும் இடம் மாறியிருந்தது.

"மோகண்ணே!"

மோகன் வந்தார். ஜமீர் பிறப்பதற்கு முன்பிருந்தே கடையில் இருப்பவர்.

"இன்னா சின்ன பாய்?"

"தேக்சா எங்கண்ணே?"

"பெருநகர் கிராமத்துக்குப் போயிட்ச்சே. தாண்டவராயன் பொண்ணு பூஜாவுக்கு நாளைக்குக் கல்யாணம். வியாயக்கெயம வந்து கேட்டாரு, நேத்து வண்டி வந்து ஏத்திக்கினு போச்சி."

"நாளைக்கு நம்ம வூட்ல இன்னா?"

"நிக்காஹ். என் வூட்டுக்காரி புதுச் சேல எடுத்து வச்சிக்கீறா."

"அப்ப பிரியாணிய எதுல ஆக்கறது?"

மோகன் யோசித்தார். யோசனை முகத்தில் மெதுவாக ஏறி, கண்ணுக்கு வந்ததும் நின்றது.

"பொட்டில நம்ம வூட்டு பேர் இல்லியே, சின்ன பாய்."

ஜமீர் ஓடிப் போய்க் கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியை உருவினான். அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டு வந்தது அவன்தான். அத்தா சனாவுல்லா பாயின் தலைக்குள் இருந்த முன்பதிவுகளை எல்லாம் எக்செல்லில் ஏற்றியதும் அவன்தான். இடது ஓரத்தில் பாத்திரங்கள், மேலே தேதிகள், தேதிக்கு ஒரு நெடுவரிசை. மூன்று மாதத்தில் அது ஏரிக்கரை நீளத்துக்குப் போய்விட்டது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில் மோகன் வழி தெரியாமல் தவித்தார். அதனால் ஜமீர் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். ஃபைலைத் திறந்ததும் அது மேல்வரிசையைக் கட்டம் கட்டமாகப் பார்க்கும். இன்றைய தேதிக்கு முந்தின தேதி என்றால் அந்த நெடுவரிசையை மறைத்துவிடும். முடிந்த கல்யாணம் கண்ணில் படாது.

அன்றைக்கு மோகனிடம் அவன் சொன்னதை மோகன் இன்று வரை மறக்கவில்லை: "இனிமே உங்க மூளைய நம்பாதீங்கண்ணே. பொட்டி இன்னா காட்டுதோ, அதான் சத்தியம்."

இப்போது பெட்டி, நேராக ஆகஸ்ட் மாசத்துத் தேதிகளைக் காட்டியது. அதற்கெல்லாம் அப்பால், வலது கோடியில், மோகன் தானாகச் சேர்த்த ஒரு நெடுவரிசை. தலைப்பில் தேதி இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து 'ஞாயித்துக்கெயம' என்று இருந்தது. அது தேதி என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. தெரியாததை அது தொடாது. கீழே, தேக்சா பன்னிரண்டு, பெருநகர்.

"ஜூலை நாலாந் தேதி தேடினேன், இல்ல. சரி, பொட்டிக்கு மறந்துட்ச்சி போலன்னு நானே ஒண்ணு போட்டேன்."

ஜமீர் மறைந்தவற்றை எல்லாம் வெளியே இழுத்தான். ஜூன் 27, 28, 29 என்று வரிசையாக வந்து நின்றன. ஜூலை 4 வந்தது. சிவப்பு எழுத்தில் அவனே அடித்தது: 'நம்ம வூட்டு நிக்காஹ். தேக்சா பன்னிரண்டு. யாருக்கும் தரக் கூடாது.'

இன்று ஜூலை 3. திரையின் மூலையில் கம்ப்யூட்டர் வேறு தேதி காட்டியது. ஆகஸ்ட் 4.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த வருஷம் மாதா மாதம் இருபத்தாறாம் தேதியானால் ஒரு வைரஸ் முழித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தின்றுவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். வைத்தியம் சுலபம். இருபத்தஞ்சாம் தேதி ராத்திரியே தேதியை இருபத்தேழாக மாற்றிவிட வேண்டும். கம்ப்யூட்டர் இருபத்தாறைப் பார்க்காமலே தாண்டிவிடும். வைரஸுக்கும் தெரியாது. ஜூன் மாதம் ஜமீர் அரியர் எழுத மெட்ராஸ் போயிருந்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அத்தாவுக்கு போன் பண்ணி எப்படி மாற்றுவது என்று சொன்னான். சனாவுல்லா பாய் ஒற்றை விரலால் மாற்றினார். இருபத்தேழு சரியாக வந்தது. மாசம் இருந்த கட்டத்திலும் விரல் பட்டு, ஜூன் ஜூலை ஆனதை அவர் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் எதிர்காலத்தில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதன் கணக்குப்படி ஷாஹிஸ்தாவுக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு மாதம். முடிந்த கல்யாணத்தை அது நேர்மையாக மறைத்திருந்தது.

அந்த வாரம் தேடி வந்தவர்களுக்கெல்லாம் கேட்டதை எடுத்துக் கொடுத்தார் மோகன். கேட்க வராத ஒரே ஆள் கடைக்குச் சொந்தக்காரர்தான்.

"நிக்காஹ்ன்னு உங்களுக்கே தெரியுமில்ல? ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"பெரிய எடத்துச் சம்மந்தம். புதுசா வாங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன். கேட்டா, மூளைய ஏன் யூஸ் பண்ணேன்னு திட்டுவீங்க."

ஜமீருக்குச் சட்டென்று வேறொன்று உறைத்தது.

"இருங்க. தாண்டவராயன் வூட்டுக் கல்யாணம் சைவமாச்சே? அவருக்கு ஏன் பிரியாணி தேக்சா?"

கடையில் இரண்டு செட் உண்டு. சைவச் சமையலுக்குப் போவது பச்சை செட், கைப்பிடிக் காதில் பச்சை பெயிண்ட். பிரியாணிக்குப் போவது சிவப்பு செட். இரண்டும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது சனாவுல்லா பாய் கடை வைத்த நாளில் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை நம்பித்தான் சுத்த சைவக்காரர்கள் கூட அவரிடம் வந்தார்கள்.

மோகன் கூரையைப் பார்த்தார்.

"பச்சை செட் மானாம்பதி கோயில் அன்னதானத்துக்குப் போயிட்ச்சி. தாண்டவராயன் ரொம்பப் பயக்கம், இல்லன்னு எப்படி சொல்றது? புளி போட்டு ரெண்டு தரம் தேச்சேன். அப்பறம்..."

"அப்பறம்?"

"செவப்பு மேல பச்சை அடிச்சிட்டேன், சின்ன பாய். காயறதுக்குள்ள வண்டி வந்துட்ச்சி."

*

வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பிரியாணி ஆக்கும் பண்டாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுப்புக்கு வெட்டிய குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழிகள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஜமீர் அம்மாவைச் சமையலறை மூலைக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னான். சிவப்பு, பச்சை சமாச்சாரத்தை மட்டும் விழுங்கிவிட்டான். அம்மா உம்முல் குல்சும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பள்ளிவாசல்ல கேளுடா. ஜமாத்து தேக்சா இருக்குமில்ல?"

"ஜமாத்து தேக்சாவ போன வருஷமே வித்துட்டாங்கம்மா. நான் இருக்கறப்ப உங்களுக்கு எதுக்குன்னு அத்தாதான் விக்க வச்சாரு."

"செங்கல்பட்டு? காஞ்சிபுரம்?"

"எல்லாக் கடைக்கும் போன் போட்டுட்டேன். ஆடி பொறக்கறதுக்குள்ள ஊர்ல இருக்கிற அத்தினி பேரும் கல்யாணம் பண்றாங்க. ஒரு குண்டான் கூட இல்ல."

"வூட்டுக் குண்டான்ல ஆக்கலாமாடா?"

"எழுநூறு பேருக்கா?"

அறைக்குள்ளிருந்து ஷாஹிஸ்தாவின் குரல் வந்தது. "அங்க இன்னா குசுகுசு? ஜமீர், இங்க வா."

இரண்டு கையிலும் முழங்கை வரை மருதாணி. கைகளை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், யாரோ துப்பாக்கி காட்டினது மாதிரி.

"மூஞ்ச ஏன் அப்படி வச்சிக்கினு கீற?"

"வெயிலு."

"பொய் சொல்லாத. உனக்கு வராது." அவள் குரல் இறங்கியது. "இதோ பாரு. போன தடவ தள்ளிப் போனப்ப பொண்ணு ராசியில்லன்னு சொன்னாங்க. நான் காதுல வாங்கல. இன்னொரு தடவ ஏதாவது ஆச்சின்னா, ஜாசிம் வூட்டுக்காரங்க ஒத்துக்கினாலும் நான் ஒத்துக்க மாட்டேன். அவ்ளோதான்."

"ஒண்ணும் ஆவாது."

"எங்க போற?"

"பெருநகர். ஒரு சாமான் வாங்கணும்."

"இன்னா சாமான்?"

மருதாணிக் கையால் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதற்குள் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துவிட்டான்.

*

மானாம்பதி தாண்டிப் பெருநகர் போகிற வழியெல்லாம் அவன் ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னால் பன்னிரண்டு தேக்சாவும் அரை மணியில் திரும்பி வரும். 'இது கறி ஆக்கற பாத்திரம்.' போதும்.

சொன்னால் பூஜாவின் கல்யாணம் என்ன ஆகும்? கடையின் பெயர்? சொல்லாவிட்டால், நம்பி வந்தவர்களுக்குத் தெரியாமலே ஊட்டுகிற பாவம். உண்மையைச் சொல்வதில் அவனுக்கே லாபம் இருந்ததால், அதைச் சொல்ல நாக்கு கூசியது. யார் நம்புவார்கள்? தன் தேக்சாவை மீட்கக் கதை கட்டுகிறான் என்பார்கள்.

தாண்டவராயன் வீட்டுப் பின்பக்கம் தேக்சாக்கள் வரிசையாக அடுப்பில் இருந்தன. சாம்பார் கொதித்தது. சூட்டில் பச்சை பெயிண்ட் கொப்பளித்து, அடியில் சிவப்பு தெரிந்தது.

"வா நைனா! வா வா. பவளம், தம்பிக்குக் காப்பி குடு. மத்தியானம் வந்திருக்கணும் நீ, வடை பாயசம்லாம் போச்சி."

ஜமீர் தாண்டவராயனை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனான். ஒத்திகை பார்த்த வாக்கியம் வரவில்லை. உடைந்து உடைந்து வேறு என்னவோ வந்தது. நிக்காஹ், கம்ப்யூட்டர், ஆகஸ்ட், மோகன், பெயிண்ட். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

தாண்டவராயன் மாட்டின் முதுகில் உட்கார்ந்த ஈயை ஓட்டினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா. ஞாயித்துக்கெயம ஆனா கறி துன்றவன்தான் நானும். ஆனா மாப்ள வூட்டுக்காரங்க வெங்காயத்தையே ஓரங்கட்டி வைக்கிற ஆளுங்க."

"அதான் மாமா. எறக்கிக் குடுத்துடுங்க. வேற பாத்திரம்..."

"மத்தியானம் இதுல ஆக்கின சோத்த அவங்க ஊரு ஜனம் பூரா துன்னுட்டு ஏப்பம் வுட்டுக்கினு படுத்துக்கீது. இப்ப நான் இன்னா பண்ணட்டும்? அவங்க வவுத்துல கைய வுட்டு எடுக்கட்டுமா?"

ஜமீர் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இப்ப அடுப்புலேந்து எறக்கினா ஏன் எறக்கறேன்னு கேப்பாங்க. இன்னான்னு சொல்லுவேன்? நீ சொல்லாம இருந்திருந்தியானா, பாவம் புள்ளைன்னு பாதியாவது குடுத்திருப்பேன். இப்ப ஒண்ணு கூட நகரக் கூடாது. ஒரு மூடி கூட. புரியுதா?"

புரிந்தது. உண்மையைச் சொன்னதால்தான் தேக்சா போனது.

"எங்கக்காவுக்கும் நாளைக்குத்தான் மாமா."

"தெரியுது நைனா." தாண்டவராயன் அவன் தோளைப் பிடித்தார். "என் பொண்ணுக்கும் நாளைக்குத்தான்."

வாசலில் ஒரு டெம்போ வந்து நின்ற சத்தம் கேட்டது. அடுத்து, உலகத்திலேயே இந்த நிமிஷம் அவன் கேட்க விரும்பாத குரல்.

"தாண்டவராயா! எங்கப்பா நீ?"

அத்தா. அம்மா சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கூடவே பண்டாரி. ஜமீர் ஓடினான். அவன் போவதற்குள் சனாவுல்லா பாய் அடுப்படிக்கு வந்துவிட்டார். தேக்சாக்களைப் பார்த்து நின்றார். கொப்பளித்த பச்சையைப் பார்த்தார். முதல் தேக்சாவின் வயிற்றில் இருந்த ஒடுக்கைப் பார்த்தார். அது எந்த வீட்டு வலீமா விருந்தில், எந்த வண்டியிலிருந்து விழுந்து ஆன ஒடுக்கு என்பது அவருக்குத் தெரியும்.

"இது..." என்று ஆரம்பித்தார்.

"அத்தா." ஜமீர் அவர் கையைப் பிடித்தான். பிடித்த பிடியில் எல்லாம் இருந்தது.

வெள்ளை வேட்டியில் நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் வந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். "இன்னா பாய், பாத்திரத்தையே மொறச்சிப் பாத்துக்கினு கீறீங்க? ஏதாவது கொறையா?"

தாண்டவராயன் தூரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பவளம் காப்பி டம்ளரோடு நடு வழியில் நின்றார். கல்யாணப் பெண் பூஜா ஜன்னல் வழியாக யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சனாவுல்லா பாய் அந்த ஜன்னலை ஒரு தடவை பார்த்தார்.

"கொறையில்லீங்க," என்றார். "பச்சை செட்டு. ஒயுங்கா கயுவிக் குடுத்திருக்கானான்னு பாக்க வந்தேன்."

*

டெம்போ காலியாகத் திரும்பியது. டி.வி.எஸ். ஐம்பதைப் பின்னால் ஏற்றிவிட்டு, ஜமீர் முன்சீட்டில் அத்தாவுக்கும் டிரைவருக்கும் நடுவில் இடுங்கிக்கொண்டான். பண்டாரி பின்னால் நின்றபடி அல்லாவிடம் சத்தமாகப் புகார் சொல்லிக்கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டர் கதையை ஜமீர் சொல்லி முடித்ததும், "நான்தான் மாசத்த மாத்தினேனா?" என்று கேட்டார் அத்தா.

"தெரியாமதானே அத்தா."

"அவங்க துன்ற ஒவ்வொரு கவளமும் என் கய்த்துலதான் வந்து நிக்கும். அல்லா பயம் இருக்கறவன்டா நான். இந்த வயசு வரைக்கும் யாவாரத்துல ஒரு பொய் சொன்னதில்ல."

ஜமீர் ரோட்டைப் பார்த்தான். ரோட்டில் பார்க்க ஒன்றுமில்லை.

"அக்காவுக்கு இன்னா சொல்றது, அத்தா?"

"மொதல்ல எதுல ஆக்கறதுன்னு சொல்லு."



மானாம்பதி கூட்ரோட்டில் வந்தவாசிப் பக்கமிருந்து ஒரு வேன் வந்தது. முன்கண்ணாடியில் சரிகை மாலை. ஹாரன் அடித்துக்கொண்டே வந்து டெம்போவுக்குப் பக்கத்தில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார். நாளைக் காலைதான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஜன்னலில் சம்மந்தியம்மாவின் முகம் தெரிந்தது. பின்சீட்டில் ஜாசிம் வெட்கத்தோடு ஸலாம் சொன்னான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் சம்மந்தி! வூட்ல உக்கார முடியல, ஆசை. ராத்திரியே வந்துட்டோம்." சம்மந்தியம்மா எட்டிப் பார்த்தார். "காலி வண்டில எங்க போயிட்டு வர்றீங்க?"

ஜமீர் அத்தாவின் முகத்தைப் பார்த்தான்.

முதல் பொய்க்கு அத்தாவுக்கு ஓர் ஆயுசு தேவைப்பட்டது. இரண்டாவது, பெருநகரிலிருந்து கூட்ரோடு வருவதற்குள் தயாராகிவிட்டது.

"நம்ம கடை தேக்சா சின்னதாப் பட்டுச்சி சம்மந்தி. பெருசா சொல்லி வச்சிட்டு வர்றேன். விடியக்காத்தால வந்துடும்."

"மாஷா அல்லா! பாத்தியா ஜாசிம், மாமா எப்படி பாத்துப் பாத்து செய்றாருன்னு?" சம்மந்தியம்மாவின் முகம் விரிந்தது. "சொல்றதுக்கே சங்கடமா இருந்துச்சி. எங்க பக்கத்துல இன்னும் ஒரு நூறு பேர் கூட வர்றாங்க. ஆவுமில்ல?"

வேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஜமீர் கண்ணை மூடிக்கொண்டான்.

"தாராளமா," என்றார் அத்தா.